கொன்ட்ரக்டர் என்று ஒரு வீசா இல்லை, தங்கச்சி

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது சுருக்கமாக இது. வயது 28. கண்டியில் எச்.என்.டி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா முடித்தவர். நான்கு வருடமாக வீட்டிலிருந்தே பெர்லின் கொம்பனி ஒன்றுக்குக் கொன்ட்ரக்ட் அடிப்படையில் மென்பொருள் வேலை. மாதம் 2,400 யூரோவுக்கு இன்வொய்ஸ் போடுகிறார், காசு பேயோனியர் என்ற இணையப் பணச் சேவையில் வருகிறது. இப்போது அந்தக் கொம்பனி, "இங்கேயே வந்துவிடுங்கள், கொன்ட்ரக்ட் அப்படியே இருக்கட்டும்" என்கிறது. கண்டியில் ஓர் ஏஜென்சி ஜேர்மன் "ஃப்ரீலான்ஸ் வீசா" எடுத்துத் தர 16 லட்சம் ரூபா கேட்கிறது. கூட்டாளி ஒருத்தி, வெளிநாட்டு வேலையைச் செய்துகொண்டே தங்க விடும் போர்த்துக்கல் நோமட் வீசாதான் சுலபம் என்கிறாள். எது சரி, டிகிரி இல்லாதது தடையா, அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

முதலில், ஏஜென்சிக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். மீதியை ஆறுதலாகப் பார்ப்போம்.

நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வேண்டிய கடதாசி வேலைகளைப் பார்ப்பவள். ஊர் பண்டாரவளை. மலையகப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதி உங்களுடையதைப் போலத்தான் இருக்கும்: "கொன்ட்ரக்டருக்கு எந்த நாட்டு வீசா நல்லது?" கொன்ட்ரக்டர் என்பது நீங்களும் அந்தக் கொம்பனியும் உங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. குடிவரவுச் சட்டங்களில் அப்படி ஓர் ஆள் பெரும்பாலும் கிடையாது. அங்கே சம்பளத்துக்கு வேலை செய்பவர் இருக்கிறார், சொந்தத் தொழில் செய்பவர் இருக்கிறார், வெளிநாட்டு வருமானத்தோடு வந்து கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகிறவர் இருக்கிறார். நீங்கள் இதில் எதற்குள் போய் உட்காரப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்த பிறகுதான் நாட்டைப் பற்றிப் பேசலாம். உங்கள் விஷயத்தில் என் பதில் ஒன்றுதான்: அந்தக் கொம்பனியைச் சம்பள ஒப்பந்தம் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள் என்றால் தலவாக்கலையிலேயே இருந்து இப்போதைய வேலையைச் செய்யுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஜேர்மனியில் ஃப்ரீலான்ஸ் வீசா என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. வதிவிடச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வருகிறது. ஏஜென்சி அந்த அளவுக்குப் பொய் சொல்லவில்லை. ஆனால் அது யாருக்கு? பல வாடிக்கையாளர்களை வைத்துத் தன் பொறுப்பில் தொழில் நடத்துகிறவருக்கு. அங்குள்ள வாடிக்கையாளர்களின் கடிதங்கள், வருமானக் கணக்குத் திட்டம், மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். அதற்கு மேல் இன்னொரு சிக்கல் உண்டு. மென்பொருள் எழுதுகிறவர் சுதந்திரத் தொழில்வல்லுநரா, இல்லை சாதாரண வியாபாரமா என்று அங்குள்ள வரி அலுவலகம் பார்க்கும். வியாபாரம் என்று முடிவானால், உங்கள் தொழிலால் அந்த ஊருக்கு என்ன பொருளாதார நன்மை என்று தனியாக நிரூபிக்க வேண்டும்.

உங்களுக்கோ ஒரே ஒரு வாடிக்கையாளர். அந்த ஒருவரே காலையில் கூட்டம் வைக்கிறார், லீவு எப்போது என்று கேட்கிறார், வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார். இதை ஜேர்மனியில் போலிச் சுயதொழில் என்று சொல்வார்கள். அங்குள்ள ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் பரிசோதித்து "இவர் உண்மையில் உங்கள் ஊழியர்தான்" என்று முடிவு செய்தால், கொம்பனி கட்டாமல் விட்ட சமூகக் காப்பீட்டுப் பங்கையெல்லாம் பின்னோக்கிக் கட்ட வேண்டி வரும். வேண்டுமென்றே செய்தது தெரிந்தால் வழக்கு வரைக்கும் போகும். நீங்கள் தலவாக்கலையில் இருக்கும் வரை இது அவர்களுக்குத் தலைவலி இல்லை. பெர்லினில் வந்து அவர்களுடைய மேசையிலேயே உட்கார்ந்தால் தலைவலிதான். "கொன்ட்ரக்ட் அப்படியே இருக்கட்டும்" என்று சொன்னவர் உங்கள் டீம் லீடராகத்தான் இருப்பார், அவர்களுடைய சட்டப் பிரிவு அல்ல. அந்தச் சட்டப் பிரிவிடம் இந்தப் போலிச் சுயதொழில் கேள்வியை எழுத்தில் அனுப்பிப் பாருங்கள். பதிலின் தொனியே மாறும்.

காசுக் கணக்கையும் பாருங்கள். 2,400 யூரோ தலவாக்கலையில் ஏழு லட்சம் ரூபாவுக்கு மேல். பெர்லினில் அதிலிருந்து வாடகை போக வேண்டும், ஃப்ரீலான்ஸர் என்பதால் மருத்துவக் காப்பீட்டை முழுக்க நீங்களே கட்ட வேண்டும், வரி வேறு. மிஞ்சுவதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவது இருக்கட்டும், அங்கே குளிருக்கு ஒரு நல்ல ஜக்கட் வாங்கவே யோசிப்பீர்கள்.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். மூன்றாவது கொம்பனி ஒன்று உங்களைத் தன் சம்பளப் பட்டியலில் ஏற்றிக்கொண்டு பெர்லின் கொம்பனிக்கு வேலை செய்ய விடும் முறை. டீல், ரிமோட் போன்ற கொம்பனிகள் பல நாடுகளில் இந்தச் சேவையைத்தான் விற்கின்றன. இலங்கையில் இருந்துகொண்டு வேலை செய்வதற்கு அது நல்ல ஏற்பாடு. ஜேர்மனிக்குள் போவதற்கு நல்ல ஏற்பாடு இல்லை. அங்கே அது ஆட்களை வாடகைக்கு விடும் தொழிலாகப் பார்க்கப்படும். அப்படி வாடகைக்கு விடப்படும் வெளிநாட்டவருக்கு வேலை அனுமதிச் சம்மதத்தை மறுக்க வேண்டும் என்று வதிவிடச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. பிரித்தானியாவிலும் இதே கதைதான்: ஸ்பொன்சர் பண்ணுகிற கொம்பனி உங்களை இன்னொரு கொம்பனியின் வழக்கமான வேலைக்கு ஆள் நிரப்ப அனுப்ப முடியாது. அவுஸ்திரேலியாவில் அப்படி ஆள் கொடுக்க அரசாங்கத்தோடு தனி உடன்படிக்கை வேண்டும். பார்த்தீர்களா, கொன்ட்ரக்ட் தொழிலின் உயிரே ஆளை இங்கிருந்து அங்கு மாற்றிக் கொடுப்பது. வீசாச் சட்டங்கள் அடைக்கப் பார்ப்பதும் அதே ஓட்டையைத்தான்.

சரி, இனி நல்ல செய்தி. திறன் தொழிலாளருக்கு ஜேர்மனி தரும் புளூ கார்ட் அனுமதிக்கு டிகிரி கட்டாயம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 நவம்பரில் அது மாறியது. தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு, கடந்த 7 வருடத்துக்குள் பட்டதாரி மட்டத்தில் குறைந்தது 3 வருட அனுபவம் இருந்தால், டிகிரி இல்லாமலே புளூ கார்ட் எடுக்கலாம். உங்களிடம் 4 வருடம் இருக்கிறது. சம்பளம்தான் தாண்ட வேண்டிய படி. இந்த வகைக்கு 2025இல் வருடத்துக்கு 43,759.80 யூரோ வேண்டியிருந்தது, 2026இல் அது 45,934.20. அங்குள்ள ஓய்வூதியக் காப்பீட்டு உச்சவரம்போடு இது கட்டப்பட்டிருப்பதால் ஒவ்வொரு ஜனவரியும் மாறும், பெரும்பாலும் ஏறும். ஆகவே போன வருடத்துத் தொகையை வைத்து ஒப்பந்தம் எழுத விடாதீர்கள். ஒப்பந்தம் குறைந்தது 6 மாதத்துக்கு இருக்க வேண்டும்.

45,934 என்றால் மாதம் ஏறத்தாழ 3,830 யூரோ. வரியும் காப்பீடும் போகக் கையில் வருவது மூன்றில் இரண்டு பங்கு அளவில். அதாவது இன்று நீங்கள் வாங்கும் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம், பெர்லின் வாடகை மட்டும் மேலதிகம். கொம்பனிக்கோ இன்று 2,400, நாளை 3,830, அதற்கு மேல் சமூகக் காப்பீட்டில் அவர்களுடைய பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. செலவு இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் போய்விடும். அவர்கள் ஏன் கொன்ட்ரக்டையே விரும்புகிறார்கள் என்று இப்போது விளங்கும். நீங்கள் கேட்கப் போவது சின்ன உதவி இல்லை. அதைத் தெரிந்துகொண்டு, ஆனால் கூச்சப்படாமல் கேளுங்கள். பெர்லினில் உங்கள் அனுபவம் உள்ள ஒருவரை உள்ளூரில் எடுத்தால் இதைவிடக் கூடத்தான் கொடுக்க வேண்டி வரும். அது அவர்களுக்கும் தெரியும். நம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் வாய் வராது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியே பழகிவிட்டோம்.

அவர்கள் சம்மதித்தால் மீதி அவ்வளவு கஷ்டமில்லை. 2025 ஜனவரியிலிருந்து ஜேர்மன் வீசா விண்ணப்பங்களை அவர்களுடைய தூதரக இணையத்தளத்தில் நீங்களே நிரப்பி, ஆவணங்களை ஏற்றிவிட்டு, பிறகு கொழும்புத் தூதரகத்துக்கு நேரில் போகலாம். நீண்டகால வீசாவுக்கான அரசாங்கக் கட்டணம் 75 யூரோ. ஏஜென்சி கேட்ட 16 லட்சத்தோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொம்பனிக்கு அவசரம் என்றால், அவர்கள் ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். அதைத் தொடங்க வேண்டியது அவர்கள், நீங்கள் அல்ல.

புளூ கார்டில் போனால் நிரந்தர வதிவிடம் 27 மாதத்தில் கிடைக்கும், ஜேர்மன் மொழி ஏ1 என்ற தொடக்க மட்டத்தில் இருந்தால். பி1 என்ற இடை மட்டம் இருந்தால் 21 மாதம். வீசாவுக்கு மொழி தேவையில்லை என்பதற்காக மொழியை விட்டுவிடாதீர்கள். கொழும்பு கெதே நிறுவனத்துக்கு வாராவாரம் ரயிலில் போக வேண்டும் என்றில்லை, ஏ1ஐ வீட்டிலிருந்தே படிக்கலாம். நிரந்தர வதிவிடம் வந்த பிறகு விரும்பினால் திரும்பவும் கொன்ட்ரக்டர் ஆகுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பலர் தலைகீழாக நினைப்பது இதைத்தான். முதலில் ஊழியராக உள்ளே போவது, கால் ஊன்றிய பிறகு சுதந்திரமாகத் தொழில் செய்வது என்ற ஒழுங்குதான் பெரும்பாலான நாடுகளில் நடைமுறைக்கு ஒத்து வரும்.

இப்போது கூட்டாளியின் போர்த்துக்கல். 2022 அக்டோபர் கடைசியில் தொடங்கிய வீசா அது. நிபந்தனை, அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தின் நான்கு மடங்கு மாத வருமானம். 2025 கணக்கில் 3,480 யூரோ. உங்களுக்கு எட்டாது. ஸ்பெயின் இரண்டு மடங்குதான் கேட்கிறது, 2025இல் ஏறத்தாழ 2,760. அதுவும் கொஞ்சத்தில் தவறுகிறது. ஆனால் சம்பளம் கூடினால் ஸ்பெயினை யோசிக்கலாம்: டிகிரிக்குப் பதிலாக 3 வருட அனுபவத்தை ஏற்கிறார்கள், வேலை தருகிற கொம்பனியோடு குறைந்தது 3 மாதத் தொடர்பு இருந்தால் போதும். ஸ்பானிய வாடிக்கையாளரிடமிருந்து வரும் வருமானம் மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எஸ்தோனியா 4,500 யூரோ கேட்கிறது. இந்த மூன்று நாட்டுக்கும் கொழும்பில் தூதரகம் கிடையாது என்பதையும் கணக்கில் எடுங்கள். ஹட்டனிலிருந்து கொழும்பு போவதே ஒரு நாள் வேலை, இது அதையும் தாண்டும். ஜப்பானின் நோமட் வீசா பற்றி யூடியூப்பில் நிறையப் பேசுகிறார்கள். அது வீசா இல்லாமல் ஜப்பானுக்குள் போகக்கூடிய நாட்டவர்களுக்கு மட்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்தக் கதவே இல்லை.

உங்கள் வருமானத்துக்குச் சரியாகப் பொருந்தும் நோமட் வீசா ஒன்று உண்டென்றால் அது மலேசியாவின் டி.ஈ. ரந்தாவ். தொழில்நுட்பத் துறையினருக்கு வருடத்துக்கு 24,000 அமெரிக்க டொலர் வருமானம் போதும். ஒரு வருடம் வரை தருவார்கள், இன்னொரு வருடம் நீட்டலாம். கோலாலம்பூரில் தமிழில் பேசிச் சாமான் வாங்கலாம், இட்லி தோசைக்கும் குறைவில்லை. டுபாயின் இதே மாதிரித் திட்டம் மாதம் 3,500 டொலர் கேட்கிறது. ஆனால் மலேசியா, டுபாய் இரண்டும் போய் இருந்து பார்த்துவிட்டு வரத்தான். எத்தனை வருடம் இருந்தாலும் அங்கே குடியேறியவர் ஆக மாட்டீர்கள். உங்களுக்கு வேண்டியது இடமாற்றமா, ஊர் பார்ப்பதா என்று தெளிவாக இருந்தால் குழப்பம் வராது.

மற்ற நாடுகளைப் பற்றியும் கொஞ்சம். நெதர்லாந்தின் உயர்திறன் குடியேறி அனுமதி டிகிரியைப் பார்ப்பதில்லை, சம்பளத்தைத்தான் பார்க்கிறது. 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2025இல் மாதம் 4,171 யூரோ, அதற்கு மேற்பட்டோருக்கு 5,688. உங்களுக்கு 28 என்பதால் இந்த வயது வரம்பு காசு பெறும். வேலை தரும் கொம்பனி அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் இணையத்தில் பகிரங்கமாக இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பெர்லின் கொம்பனிக்கு அம்ஸ்டர்டாமில் கிளை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பிரித்தானியாவின் திறன் தொழிலாளர் வீசாவுக்கு 2025 ஜூலை முதல் பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண். வீசாக் கட்டணத்துக்கு மேல் சுகாதார வரி வருடத்துக்கு 1,035 பவுண், முழு வருடங்களுக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அங்கே உண்மையிலேயே கொன்ட்ரக்டராக வாழ விடுகிற வீசா குளோபல் டெலண்ட். அதற்கு வேலைக் கடிதம் வேண்டாம், ஆனால் டெக் நேஷன் என்ற அமைப்பு உங்கள் வேலையைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். திறந்த மூலத் திட்டங்களில் பெயர் பெற்றவர்கள், மாநாடுகளில் பேசியவர்கள் முயலலாம். இன்று உங்களுக்கு அது தூரம்.

கனடாவுக்கு வெளியே சுயதொழிலாகச் செய்த அனுபவத்தை அவர்களுடைய கூட்டாட்சித் திறன் தொழிலாளர் பிரிவு எண்ணும். ஆனால் நீங்களே எழுதிய கடிதத்தை ஏற்காது, வாடிக்கையாளரின் கடிதமும் காசு வந்த ஆதாரமும் வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு செய்யும் சுயதொழில் கனடிய அனுபவப் பிரிவில் எண்ணப்படாது. இந்த இரண்டையும் மாற்றி விளங்கிக்கொண்டு வருடக் கணக்கை வீணாக்கியவர்கள் உண்டு. அவுஸ்திரேலியாவுக்கு முதலில் அங்குள்ள கணினிச் சங்கத்தின் தகுதி மதிப்பீடு வேண்டும். புள்ளி முறையில் 65 அடிப்படை, அழைப்பு வருவதற்கு அதைவிடக் கூட வேண்டும். அமெரிக்காவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எச்-1பி என்ற அவர்களுடைய வேலை வீசா ஏற்கெனவே சீட்டிழுப்பு, 2025 செப்டெம்பரில் வெளியிலிருந்து எடுக்கும் புதிய ஆளுக்கு ஒரு லட்சம் டொலர் கட்டணம் என்று அறிவித்துவிட்டார்கள். உங்களுக்காக அதைக் கட்டுகிற கொம்பனி இருந்தால் நீங்கள் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

தாய்லாந்து பற்றி ஒரே ஒரு விஷயம். நோமட் வீசா ஒன்று அங்கேயும் உண்டு, அது வேறு. "பேங்கொக்கில் ஐ.டி. வேலை, டூரிஸ்ட் வீசாவில் வந்தால் போதும், டிக்கெட் நாங்கள் தருகிறோம்" என்று வட்ஸ்அப்பில் வந்தால் உடனே அழித்துவிடுங்கள். அப்படிப் போன இலங்கைப் பிள்ளைகளைத் தாய்லாந்து எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய் இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைத்தார்கள். அரசாங்கம் தலையிட்டு மீட்டு வர வேண்டியிருந்தது. கணினி தெரிந்த, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். எந்த ஏஜென்சியாக இருந்தாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்டியில் உங்களிடம் 16 லட்சம் கேட்டவர்களைப் பற்றியும் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் இருந்தாலும், வீசா "எடுத்துத் தருவதாக" உத்தரவாதம் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

இனி நம் பக்கத்துக் கடதாசிகள். எந்த நாடானாலும், மலையகத்திலிருந்து போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஆகவே நீட்டியே சொல்கிறேன்.

பெயர். பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும். அதை ஆங்கிலத்தில் ஓ.எல். சான்றிதழ் ஒரு மாதிரியும், அடையாள அட்டை இன்னொரு மாதிரியும், கடவுச்சீட்டு மூன்றாவது மாதிரியும் எழுதியிருக்கும். தோட்டத்தில் பதிவு செய்த காலத்தில் எழுதினவர் காதில் விழுந்ததை எழுதினார், அதுவே நிலைத்துவிட்டது. அப்பாவின் பெயரில் கடைசியில் 'ஐ' வருமா 'வை' வருமா என்பது நமக்குச் சின்ன விஷயம், தூதரகத்துக்கு அது இரண்டு வேறு ஆட்கள். சிறிய எழுத்து வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்துக் கையில் வைத்திருங்கள். பெயரே வேறாக இருந்தால் சத்தியக்கடதாசி போதாது, பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மூலம் பிறப்புப் பதிவையே திருத்த வேண்டும். அது மாதக் கணக்கில் இழுக்கும். வேலைக் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் கடிதத்தின் திகதி கடந்துவிடும். ஆகவே இன்றே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்புக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது, கடவுச்சீட்டில் உள்ளபடியே ஆங்கில எழுத்துகளைப் போடச் சொல்லுங்கள்.

முகவரி. தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு இலக்கமும் இல்லை, தெருவும் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அஞ்சல் நகரம் அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு. இதனால் வங்கி அறிக்கையில் ஒரு முகவரி, பேயோனியரில் கூட்டாளி வீட்டு முகவரி, அடையாள அட்டையில் பழைய டிவிஷன் என்று சிதறிக் கிடக்கும். ஒரே முகவரி வடிவத்தைத் தெரிவு செய்து எல்லா இடத்திலும் அதையே ஏற்றுங்கள். கிராம சேவகரின் வதிவுச் சான்றிதழை எடுத்துப் பிரதேச செயலாளரின் கையொப்பத்தையும் வாங்கி வையுங்கள். கடிதம் கிடைப்பது சந்தேகமென்றால், கூரியர் எதுவும் வீட்டு முகவரிக்கு வராமல் நகரத்தில் நம்பிக்கையான கடைக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ வரும்படி செய்யுங்கள். சில நாடுகள் கேட்கும் பொலிஸ் நற்சான்றிதழுக்கும் நீங்கள் இருந்த முகவரிகளைச் சொல்ல வேண்டும் என்பதால் இந்த ஒழுங்கு அங்கேயும் கைகொடுக்கும்.

அனுபவ ஆதாரம். நிறுவனத்தில் வேலை செய்தவருக்குச் சேவைச் சான்றிதழ், ஈ.பி.எஃப். பதிவு இருக்கும். உங்களுக்கு அவை இல்லை. இருப்பது ஒப்பந்தம், இன்வொய்ஸ், பேயோனியர் அறிக்கை, அது வங்கிக்கு வந்த பதிவு. இவற்றை மாத ஒழுங்கில் அடுக்கினால் நான்கு வருடக் கதையை அவையே சொல்லிவிடும். அதற்கு மேல் பெர்லின் கொம்பனியிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: எந்தத் திகதியிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்ன பொறுப்பு, என்ன தொழில்நுட்பங்கள். பட்டதாரி மட்டத்து வேலை என்று காட்ட வேண்டியிருப்பதால் "நன்றாக வேலை செய்தார்" என்ற இரண்டு வரிக் கடிதம் உதவாது. அமைப்பை வடிவமைத்தது, தரவுத்தளத்தைத் திட்டமிட்டது, இளையவர்களுக்கு வழிகாட்டியது என்று விவரமாக வேண்டும். வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள், அவர்கள் திருத்திக் கையொப்பமிடட்டும். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கிறது.

வருமான வரிக் கோப்பு இருக்கிறதா? 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்காக வங்கி வழியாக வரும் வெளிநாட்டுப் பணத்துக்கு அதிகபட்சம் 15 சதவீத வரி. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. கோப்பு திறந்து வரி கட்டியிருந்தால் அந்த ரசீதும் உங்கள் அனுபவத்துக்கு ஒரு சாட்சி, அதுவும் அரசாங்க முத்திரையோடு. பேயோனியரிலிருந்து கார்டில் எடுத்துச் செலவழிப்பதை விட்டு, காசை வங்கிக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள்.

வேலை வீசா கையில் கிடைத்த பிறகு, பயணத்துக்கு முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள கடமை அது. "அது ஹவுஸ்மெய்ட் ஆட்களுக்குத்தானே" என்று பொறியியலாளர்கள்கூட நினைத்துக்கொண்டு கட்டுநாயக்கவில் நின்று தவிக்கிறார்கள்.

இதற்கிடையில் ஒன்று செய்யலாம். கொம்பனி உங்களை ஒரு வாரம் கூட்டத்துக்கு அழைக்கட்டும். ஜேர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் வணிக வீசாவில் போய்க் கூட்டங்களில் இருக்கலாம், வாடிக்கையாளரைச் சந்திக்கலாம். அங்கே உட்கார்ந்து வழக்கமான வேலை செய்யக் கூடாது. சம்பளப் பேச்சை நேரில் பேசினால் வேறு மாதிரிப் போகும்.

அம்மாவைக் கேட்டிருந்தீர்கள். 2024 மார்ச்சு முதல், அதற்குப் பின் முதன்முதலாக புளூ கார்ட் போன்ற அனுமதி பெற்ற திறன் தொழிலாளர்கள் பெற்றோரையும் அழைக்க ஜேர்மனி ஒரு வழி திறந்திருக்கிறது. சட்டம் சுலபம், மருத்துவக் காப்பீடு கஷ்டம். அரச உதவி எதுவும் இல்லாமல் நீங்களே அவரைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று காட்ட வேண்டும், வயதானவருக்குத் தனியார் காப்பீடு எடுப்பது விலையும் கூட, தருகிறவர்களும் குறைவு. ஆரம்பச் சம்பளத்தில் அது சரிவராது. அம்மாவின் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று மட்டும் இப்போதே தேடுங்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு இல்லை, வயதை உத்தேசித்துத் தரும் சான்றிதழை எடுக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு வருடத்துக்கு ஷெங்கன் வருகை வீசாவே போதும், 180 நாளுக்குள் 90 நாள் இருக்கலாம். செலவை ஏற்றுக்கொள்ளும் உறுதிப்பத்திரத்தை அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீங்களே எடுத்து அனுப்பலாம். ஜனவரியில் மட்டும் கூப்பிட வேண்டாம். நுவரெலியாக் குளிர் பார்த்தவள் எனக்கென்ன என்று அம்மா சொல்வார், நம்பாதீர்கள்.